நாலு கிலோவிலிருந்து மூன்றே கால்: என் வேட்டை ரைஃபிளைச் சீர்செய்த விதம்

துப்பாக்கியோடு வரும் சீட்டில் போட்டிருக்கும் எடையை நம்பாதீர்கள். அது பொய் என்று சொல்லவில்லை. அது வெறும் துப்பாக்கியின் எடை. குறிபார்க்க மேலே மாட்டும் தொலைநோக்கியான ஸ்கோப் இல்லை, அதைப் பிடித்திருக்கும் வளையங்கள் இல்லை, தோளில் மாட்டும் பட்டை இல்லை, உள்ளே தோட்டாவும் இல்லை. அந்தக் கோலத்தில் யாரும் மலையேறுவதில்லை.

என்னுடையது ஒரு சாதாரண போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், ஒவ்வொரு தடவையும் போல்ட் என்ற தண்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டாவை ஏற்றும் வகை. 7 மி.மீ-08 ரெமிங்டன் தோட்டா. சீட்டில் 2.9 கிலோ. நான் எப்படித் தூக்கிப் போகிறேனோ அப்படியே, ஐந்து தோட்டாவையும் போட்டுத் தராசில் தொங்கவிட்டால் 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. அதாவது கால்வாசிக்கும் மேலான எடையை நானே வாங்கி மேலே ஏற்றி வைத்திருந்தேன். இதைப் பார்த்த பிறகுதான் எங்கே கை வைப்பது என்று புரிந்தது.

முதலில் கழற்றியது ஸ்கோப். 50 மி.மீ முன்கண்ணாடி, 18 மடங்கு வரை உருப்பெருக்கம், கிட்டத்தட்ட 680 கிராம். அதைத் தாங்கிய எஃகு வளையங்கள் இன்னொரு 190 கிராம். நான் சுடும் தூரம் பெரும்பாலும் 200 மீட்டருக்கு உள்ளேதான். அதற்கு 18 மடங்கு எதற்கு? 2.5 முதல் 8 மடங்கு வரையுள்ள, 36 மி.மீ கண்ணாடி வைத்த சின்ன ஸ்கோப் ஒன்றைப் போட்டேன், 320 கிராம். அலுமினியத்தில் அடியும் வளையமும் ஒரே துண்டாக வருகிற மவுண்ட் 70 கிராம். குழலை ஒரு மயிரிழைகூடத் தொடாமல் அரைக் கிலோ போய்விட்டது. சின்னக் கண்ணாடி என்பதால் ஸ்கோப் குழலுக்கு நெருக்கமாகத் தாழ்ந்து உட்கார்ந்தது. முன்பெல்லாம் ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிய நான் தாடையை ஸ்டாக்கிலிருந்து (தோளில் பதித்துக் கையால் பிடிக்கும் உடல்பகுதி) தூக்க வேண்டியிருந்தது. இப்போது கன்னம் பதிந்தால் கண் தானாக நடுவில் நிற்கிறது. எடையைவிட இதுதான் பெரிய லாபம்.

அடுத்தது ஸ்டாக். பழைய பிளாஸ்டிக் ஸ்டாக்கின் முன்பகுதியை இரண்டு விரலால் பிடித்து அழுத்தினாலே குழலில் போய் ஒட்டும். கார்பன் ஃபைபரில் ஒன்று மாற்றினேன், 250 கிராம் மிச்சம். அதைவிட முக்கியம், எவ்வளவு அழுத்தினாலும் வளையவில்லை. காசு செலவழிப்பதாக இருந்தால் இங்கே செலவழிப்பதில் எனக்கு மறுப்பே இல்லை.

குழல் விஷயத்தில்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். வெளியே நீளவாக்கில் வரிப்பள்ளம் வெட்டலாம், இன்னும் மெலிதாகக் கடையலாம், கார்பன் சுற்றிய குழல் வாங்கலாம். நான் செய்தது ஒன்றே ஒன்று: 61 செ.மீ குழலை 56 ஆக வெட்டியது. அதுவும் எடைக்காக இல்லை. என் மாதிரி மெல்லிய குழலின் நுனியில் 5 செ.மீ வெட்டினால் போவது சுமார் 50 கிராம்தான், இரண்டு தோட்டா எடை. ஆனால் விறைப்பு கூடுகிறது. ஒரு முனையில் பிடித்து வைத்த கம்பியின் நுனியில் ஒரே விசை விழுந்தால், வளைவு அதன் நீளத்தின் மும்மடிக்கு (நீளம் × நீளம் × நீளம்) ஏற்ப மாறும். 61 ஐ 56 ஆக்கினால் நுனி அசைவு கிட்டத்தட்ட 23 சதவீதம் குறையும். இதற்கு நேர்மாறாக, மெலிதாக்கினால் விறைப்பு விட்டத்தின் நான்மடிக்கு ஏற்பச் சரியும். பத்தில் ஒரு பங்கு மெலிதாக்கினால் மூன்றில் ஒரு பங்கு விறைப்பு காலி. எடை குறைய வேண்டும் என்றால் குட்டையாக்குங்கள், ஒல்லியாக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

குட்டையானதற்கு விலை உண்டு. தோட்டாவின் வேகம் வினாடிக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் குறைந்திருக்கும். நான் சுடும் தூரத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சத்தம் கூடுதல், அது பொருட்டுதான். காதுக்கு அடைப்பான் போடாமல் ஒரு ரவுண்டுகூடச் சுடுவதில்லை, வேட்டையிலும். குழல் நுனியில் வாயுவைத் திருப்பிவிடும் மஸில் பிரேக் போட்டால் உதை குறையும் என்று நிறையப் பேர் சொன்னார்கள். குறையும், மறுக்கவில்லை. ஆனால் அது சத்தத்தைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பி என் காதுக்கும் பக்கத்தில் நிற்பவர் காதுக்கும் அனுப்பும். எனக்கு வேண்டாம்.

வெட்டிய முனையை லேத்தில் வைத்துக் கிரௌன் எடுத்தவர் லேத் பட்டறையிலேயே வாழ்நாளைக் கழித்து, பிறகு துப்பாக்கி பழுதுபார்க்கும் உரிமம் வாங்கிய ஒரு பெரியவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கிரௌன் என்பது தோட்டா குழலை விட்டு வெளியே வரும் கடைசி விளிம்பு. அது எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சிறு பிசிறு இருந்தாலும் பின்னால் வரும் வாயு அந்தப் பக்கம் முந்திக்கொண்டு தோட்டாவின் பின்புறத்தைத் தள்ளிவிடும். அண்ணன் வேலை முடித்ததும் ஒரு பஞ்சுத் துண்டை உள்ளேயிருந்து வெளியே விளிம்பின் மேல் இழுத்துக் காட்டினார். எங்கேயும் ஒரு நூல்கூடச் சிக்கவில்லை. அவருக்கு அதுதான் பரீட்சை.

சரி, எடை இறங்கியாயிற்று. இனிமேல்தான் தலைவலி.

லேசான துப்பாக்கி இரண்டு விஷயத்தில் ஆளைப் படுத்தும். ஒன்று உதை. தோட்டாவும் மருந்தும் மாறாமல் இருந்தால் உதையின் ஆற்றல் துப்பாக்கியின் எடைக்கு நேர் எதிராகப் போகும். 9 கிராம் குண்டு, அதற்கேற்ற மருந்து என்று கணக்குப் போட்டால், பழைய 4 கிலோவில் சுமார் 17 ஜூல். எல்லா மாற்றமும் முடிந்த 3.3 கிலோவில் 21 ஜூல். படிக்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது. தோளுக்குத் தெரியும். இரண்டாவது, பிடிப்பு. கனமான துப்பாக்கி தன் எடையாலேயே நிற்கும். லேசானதில் நம் நாடித் துடிப்பு, மூச்சு, விரலின் அவசரம் எல்லாமே நுனியில் போய் ஆடும். துல்லியம் போச்சே என்று பலர் குழலைத் திட்டுவார்கள். குழல் பாவம்.

அதனால் மீதி வேலையெல்லாம் என் உடம்பு துப்பாக்கியைத் தொடும் இடங்களில்தான் நடந்தது.

ஸ்டாக் நீளம் முதலில். டிரிகரிலிருந்து பின்முனை வரை 34.5 செ.மீ அளவில்தான் பொதுவாகச் செய்து அனுப்புகிறார்கள். எனக்குக் கை குட்டை, குளிருக்குத் தடித்த சட்டை வேறு. 33.5க்கு வெட்டி, பின்னால் நல்ல மென்மையான தடித்த ரப்பர் பேட் ஒட்டினோம். பேட்டின் தடிமனையும் சேர்த்துத்தான் 33.5. இதை மறந்து முதலில் வெட்டிவிட்டுப் பிறகு பேட் ஒட்டுபவர்கள் உண்டு. பேட்டின் மேல் விளிம்பைக் கொஞ்சம் உருட்டித் தேய்க்கச் சொன்னேன். அவசரமாகத் தோளுக்குத் தூக்கும்போது சட்டையில் மாட்டாது. 30 கிராம் எடை கூடியது. கூடட்டும்.

டிரிகர். வந்தபோது 2.2 கிலோ இழுவை. யோசித்துப் பாருங்கள், 3 கிலோ சொச்சம் எடையுள்ள ஒரு பொருளை அசையாமல் வைத்துக்கொண்டு அதன் மேலேயே 2 கிலோ விசையில் ஒரு விரலால் இழுக்க வேண்டும். எப்படி அசையாமல் இருக்கும்? இப்போது 1.3 கிலோவில் வைத்திருக்கிறேன். ஒரு கிலோவுக்குக் கீழே இறக்கவே மாட்டேன். இலக்குப் போட்டிக்காரர்களின் கணக்கு வேறு. குளிரில் விறைத்த விரலோடு, சில சமயம் கையுறையோடு, நெஞ்சு படபடக்கச் சுடுகிறவனுக்கு மெல்லிய டிரிகர் ஆபத்து. இழுவையைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்றுதான் நாம் தொடக்கூடியது, அதுவும் தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் எல்லைக்குள். உள்ளே இரண்டு எஃகு விளிம்புகள் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும் அளவை மாற்றும் திருகைத் தெரியாதவர்கள் தொடவே கூடாது, அதை அண்ணனிடம் விட்டுவிட்டேன். வேலை முடிந்ததும் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொண்டு, போல்ட்டை மேலே தூக்கி வேகமாக அறைந்து மூடினார், பல தடவை. ரப்பர் விரிப்பில் ஸ்டாக்கின் பின்முனையை ஓங்கித் தட்டினார். சேஃப்டியைப் போட்டு டிரிகரை இழுத்து, விட்டு, பிறகு சேஃப்டியை எடுத்துப் பார்த்தார். எதிலும் தோட்டாவைக் குத்தும் ஊசி (ஃபயரிங் பின்) விழவில்லை. விழுந்திருந்தால் அந்த டிரிகரைத் திரும்பப் பழைய இழுவைக்கே கொண்டுபோயிருப்போம்.

இப்போது பெட்டிங், அதாவது எஃகு உடல் ஸ்டாக்கில் அசையாமல் உட்காரப் படுகை அமைப்பது. இந்த முழு வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஆக்‌ஷன் என்கிற எஃகு உடல் ஸ்டாக்கின் குழியில் உட்கார்ந்து இரண்டு திருகால் இறுகுகிறது. அந்தக் குழி சரியாகப் பொருந்தாவிட்டால், திருகை இறுக்க இறுக்க எஃகு வளையும். கண்ணுக்குத் தெரியாத வளைவுதான். ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் அது கொஞ்சம் நகர்ந்து வேறு இடத்தில் உட்காரும். தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. காலித் துப்பாக்கியை நிமிர்த்தி வைத்து, குழலும் ஸ்டாக்கின் முன்நுனியும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு முன் திருகைத் தளர்த்துங்கள். குழல் மேலே எழும்புவது விரலுக்குத் தெரிந்தால் உள்ளே இழுபறி இருக்கிறது என்று அர்த்தம். அண்ணன், நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தார். 0.05 மி.மீக்குள் இருந்தால் விட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. என்னுடையது அதைப்போல மூன்று மடங்கு ஆடியது.

“திருக இறுக்குறதுக்கு முன்னாடி, அது எங்க போய் உட்காரணும்னு முடிவு பண்ணணும் தம்பி. இறுக்கி உட்கார வைக்கக் கூடாது” என்றார்.

குழியில் எபாக்ஸிப் பசை பிடிக்க வேண்டிய இடத்தையெல்லாம் சுரண்டிச் சொரசொரப்பாக்கினோம். இரண்டு திருகுத் துளையிலும் அலுமினியத் தூண்கள் ஏற்கெனவே இருந்தன. ஆக்‌ஷனில் இருக்கும் ஓட்டை, பள்ளம் எல்லாவற்றையும் குழந்தைகள் விளையாடும் களிமண்ணால் அடைத்தோம். எபாக்ஸி அதில் புகுந்து இறுகிவிட்டால் துப்பாக்கியும் ஸ்டாக்கும் ஜென்மத்துக்கும் பிரியாது. எஃகு முழுக்க மெழுகு, ஒரு தடவை தேய்த்துக் காய்ந்த பிறகு மறுபடியும். ஆக்‌ஷனுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த பல் ஒன்று உண்டு, ரீகாயில் லக் என்பார்கள். உதை முழுவதையும் ஸ்டாக்குக்குக் கடத்துவது அதுதான். அதன் முன்புறம், இரு பக்கம், அடிப்பக்கம் மூன்றிலும் ஒரு சுற்று டேப். பின்புறத்தில் மட்டும் டேப் கிடையாது. டேப்பை உரித்ததும் பின்பக்கம் மட்டும் எபாக்ஸிச் சுவரில் முழுதாய்ச் சாய்ந்து நிற்கும், மற்ற பக்கங்களில் மயிரிழை இடைவெளி இருக்கும். கழற்றி மாட்டினாலும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்துக்கு வரும்.

எஃகுத்தூள் கலந்த எபாக்ஸியைக் குழைத்து, காற்றுக் குமிழ் வராமல் குச்சியால் ஒரு பக்கத்திலிருந்து தள்ளித் தள்ளி நிரப்பி, ஆக்‌ஷனை உள்ளே அமுக்கினோம். பக்கத்தில் பிதுங்கி வழிந்ததைத் துடைத்துவிட்டுத் திருகுகளை விரலால் போகிற அளவுக்கு மட்டும் முடுக்கினோம். ஸ்பேனர் கிடையாது. ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை. மறுநாள் குழலைப் பிடித்துத் தூக்கி, ஸ்டாக்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. டக் என்று கழன்றது. உள்ளே பார்த்தால் ஆக்‌ஷனின் அடியில் இருந்த கடைசல் கோடுகள்கூட எபாக்ஸியில் பதிந்திருந்தன. திரும்ப மாட்டி டயல் கேஜ் வைத்தோம். முள் அசையவே இல்லை.

பெட்டிங் முடிந்த பிறகு வருகிற அடுத்த கேள்வி, குழல் ஸ்டாக்கைத் தொடலாமா கூடாதா என்பது. தொடக்கூடாது, ஒரு காகிதம் தாராளமாய் ஓட வேண்டும் என்பது இன்றைக்கு வேதவாக்கு. நானும் அப்படித்தான் விட்டிருக்கிறேன். ஆனால் மறுபக்கமும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த மெல்வின் ஃபோர்ப்ஸ் 1980களில் அல்ட்ரா லைட் ஆர்ம்ஸ் என்ற பெயரில் இரண்டேகால் கிலோ அளவில் ரைஃபிள் செய்ய ஆரம்பித்தார். அவர் குழலைத் தொங்கவிடவில்லை. கெவ்லார் என்ற செயற்கை இழையில் மிக விறைப்பான ஸ்டாக் செய்து, குழலின் அடிப்பக்கம் ஸ்டாக்கின் முன்நுனி வரை அதில் படுத்துக் கிடக்கும்படி பெட்டிங் செய்தார். அவை நன்றாகவே சுட்டன. மெல்லிய குழலுக்கு ஸ்டாக்கே முட்டுக்கொடுக்கிறது என்பது தத்துவம். ஸ்டாக் துளிகூட வளையாது, ஈரத்தில் ஊதாது என்றால்தான் இது நடக்கும். மரத்திலோ மலிவு பிளாஸ்டிக்கிலோ இதைச் செய்து பார்க்காதீர்கள்.

இதெல்லாம் முடித்து, சுட்டுப் பார்க்கும் மேஜைக்குப் போனால் இன்னொரு பாடம் காத்திருக்கிறது. மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகும். மூன்று ரவுண்டுக்குப் பிறகு கை வைத்தால் சுடும். அதற்கு மேல் தொடர்ந்து சுட்டுத் துல்லியம் பார்ப்பதில் அர்த்தமில்லை. வேட்டையில் கணக்கு, ஆறின குழலின் முதல் ரவுண்டு. கூடப் போனால் இரண்டாவது. நான் மூன்று சுடுவேன், போல்ட்டைத் திறந்து நிழலில் சாய்த்து வைப்பேன், நன்றாக ஆறிய பிறகு இன்னும் மூன்று. எல்லாம் ஒரே தாளில். ஒரு மூன்று நல்ல இறுக்கமாக விழுந்துவிட்டது என்று படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவது வேண்டாம், மூன்று குண்டு தற்செயலாகவும் சேர்ந்து விழும். ஆறிய குழலின் முதல் குண்டு ஒவ்வொரு முறையும் எங்கே போகிறது என்பதை மட்டும் தனியாகப் பேனாவால் வட்டம் போட்டு வைக்கிறேன். என் துப்பாக்கிக்கு நான் தேர்ந்தெடுத்த தோட்டா, அந்த வட்டங்களை ஒன்றாகச் சேர்த்ததுதான். அதைவிடச் சின்னக் கூட்டம் காட்டிய இன்னொரு வகை இருந்தது. ஆறிய முதல் குண்டை மட்டும் விலக்கிப் போடும். அதைத் திரும்ப வாங்கவில்லை.

பிடிக்கிற விதமும் மாறியாக வேண்டும். கனமான ரைஃபிளை மணல் பையில் வைத்து, முன்னால் பிடிக்கும் கையை எடுத்துவிட்டு டிரிகரை மட்டும் தொட்டால் போதும். லேசானதை அப்படி விட்டால் குண்டு வெளியே போவதற்குள் துள்ள ஆரம்பித்துவிடும். அதுவும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி. முன்பகுதியைக் கையால் பிடித்து, பையின் மேல் நிதானமாக அழுத்தி, தோளுக்குள் இழுத்துக்கொண்டுதான் சுட வேண்டும். பையின் மேல் குழல் படவே கூடாது, ஸ்டாக் மட்டும்தான். இந்தப் பிடிப்பு வந்த பிறகு 100 மீட்டரில் 3 செ.மீக்குள் விழுகிறது. அது ஏறக்குறைய ஒரு கோண நிமிடம், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. இந்த எடைக்கு அதற்கு மேல் ஆசைப்படவில்லை. 100 மீட்டரில் மையத்துக்கு 4 செ.மீ மேலே படும்படி ஸ்கோப்பை வைத்திருக்கிறேன், 180 மீட்டர் வாக்கில் மையத்துக்கு வந்துவிடும்.

கடைசியாக, சிரிக்காதீர்கள், 80 கிராம் ஈயத்தை ஸ்டாக்கின் முன்பகுதிக்குள் ஒட்டினேன். இத்தனை பாடுபட்டு இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றுவதா என்று அண்ணனே கேட்டார். ஆனால் குழலைக் குட்டையாக்கியதில் நுனி கனம் குறைந்து, நின்றுகொண்டு தூக்கிப் பிடித்தால் முனை காற்றில் அலைந்தது. 80 கிராம் முன்னால் போனதும் நிற்கிறது. முதலில் டேப்பால் வெளியே ஒட்டி 40, 60, 80, 100 என்று மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். 100 இல் கைக்கு வித்தியாசம் தெரியவில்லை.

எல்லாம் சேர்த்து, பட்டையும் தோட்டாவும் உட்பட, இப்போது 3.3 கிலோ. ஆக்‌ஷன் திருகுகளையும் ஸ்கோப் வளையத் திருகுகளையும் முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் முடுக்கி, ஒவ்வொரு தலையிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். வளையத் திருகுக்கு 2 நியூட்டன் மீட்டர், ஆக்‌ஷன் திருகுக்கு ஸ்டாக் செய்தவர் சொன்ன அளவு. கோடு விலகினால் தளர்ந்துவிட்டது என்று ஒரே பார்வையில் தெரியும். லேசான துப்பாக்கியின் உதையில் திருகு தளர்வது சகஜம், குழலைச் சந்தேகிப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

இன்னும் முடிவாகாதது தோள்பட்டைதான். மெல்லிய நைலான் 80 கிராம், ஆனால் நாள் முழுக்கச் சுமந்தால் சட்டையில் வழுக்கி இறங்கிக்கொண்டே இருக்கிறது. ரப்பர் பிடிப்பு வைத்தது 150. பட்டையைக் கைக்குச் சுற்றி இறுக்கிக்கொண்டு உட்கார்ந்து சுடும்போது அந்த ரப்பர்தான் நன்றாக இருக்கிறது. இப்போதைக்கு இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு திரிகிறேன்.